கலப்பை, டிராக்டர், மூச்சு விடும் நெல்: ஒரு படிப்பு பெயர் மாறிய கதை



கலந்தாய்வு சமயம் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. "ஐயா, எந்தக் குரூப் எடுக்கலாம்?", "ஐயா, எந்தக் காலேஜ் நல்லது?" என்று கேட்பீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் இதையெல்லாம் கேட்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். இந்த வருடம் வந்த கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி. என்னிடம் படித்த ஒரு மாணவரின் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பின் பெயர் 'பயோசிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்'. வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. மருத்துவம் சம்பந்தப்பட்டதாக்கும் என்று பாட்டி சந்தோஷப்பட்டிருக்கிறார். இணையத்தில் தேடிப் பார்த்த பெரியப்பா, "அட, இது நம்ம அக்ரி இன்ஜினியரிங்தானப்பா" என்று கண்டுபிடித்துச் சொன்னதும் வீட்டில் புயல் கிளம்பிவிட்டது. "சேத்துல கால் வைக்கக் கூடாதுன்னுதானே படிக்க வெச்சோம். நிலத்தை ஈடு வெச்சுக் கடன் வாங்கி, கப்பலேறிப் போயி, மறுபடியும் அதே விவசாயமா?" என்று கேட்டாராம் அவர்.

அவர் கேட்டதில் ஒரு தலைமுறையின் வலி இருக்கிறது. அதனால் அவரைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வேண்டுமென்றால் அந்தப் படிப்பு எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த வழி வரலாறு ஒன்றுதான். அதனால் இந்த நீளப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

*சைதாப்பேட்டைக்கு வந்த நீராவிக் கலப்பை*

கதையை நம் சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1860களில் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். இராணுவப் பொறியாளராக இருந்து கவர்னர் ஆனவர். நம்மூர் மரக்கலப்பையைப் பார்த்துவிட்டு, 'இதை மாற்றினால் விளைச்சல் பெருகிவிடும்' என்று நம்பினார். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, பரம்படிக்கும் கருவி, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் எந்திரம் என்று வரவழைத்தார்கள். அவற்றைச் சோதித்துப் பார்க்க 1865இல் சைதாப்பேட்டையில் 350 ஏக்கரில் ஒரு பண்ணை ஏற்பட்டது. அதை ஒட்டி 1868இல் ஒரு வேளாண்மைப் பள்ளியும் வந்தது. அதுதான் பிறகு கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

பள்ளி நிலைத்தது. நீராவிக் கலப்பை நிலைக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் நீராவிக் கலப்பை பரந்த வயலுக்குச் செய்தது. வயலின் ஓரத்தில் எந்திரத்தை நிறுத்தி, கம்பி வடம் போட்டுக் கலப்பையை இழுக்கும் ஏற்பாடு அது. நம் வயலோ வரப்புக்கு வரப்பு துண்டு துண்டாகக் கிடப்பது. தண்ணீர் கட்டிச் சேறு அடிக்கிற நிலத்தில் அந்த எடை இறங்கினால் ஏறுமா? ஒரு திருகாணி உடைந்தால் கொல்லுப்பட்டறையில் செய்ய முடியுமா? எந்திரம் நல்ல எந்திரம்தான். அதைச் செய்தவருக்கு நம் மண்ணும் தெரியாது, மாடும் தெரியாது, கூலியும் தெரியாது.

1889இல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை இந்திய விவசாயத்தை ஆராய்ந்து சொல்ல லண்டனிலிருந்து அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றி 1893இல் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார். இந்திய விவசாயி சராசரி ஆங்கிலேய விவசாயிக்குக் குறைந்தவன் இல்லை, சில விஷயங்களில் மேலானவன் என்று அதில் எழுதினார். அவனுக்கு இல்லாதது அறிவு இல்லை, வசதிதான் என்பது அவர் கண்டது. சைதாப்பேட்டை அனுபவத்தோடு இதைச் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். பொறியாளருக்கு எந்திரம் தெரியும். வேளாண் அறிஞருக்குப் பயிர் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் இல்லை. அந்த ஆளை உருவாக்கத்தான் ஒரு தனிப் படிப்பு தேவைப்பட்டது.

*அயோவாவில் பிறந்த படிப்பு*

1862ஆம் ஆண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நடுவில் ஜூலை 2ஆம் தேதி அதிபர் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மாரில் சட்டம் என்று பெயர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதற்கு நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்களோ, ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மத்திய அரசு நிலம் கொடுக்கும். அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் எந்திரக் கலையும் கற்றுத்தரும் கல்லூரி நடத்த வேண்டும். அந்த நிலமெல்லாம் அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து பறித்தது என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பெரிய நன்மைக்குப் பின்னாலும் 'யாருடைய செலவில்' என்று ஒரு கேள்வி கேளுங்கள் என்று.

அந்தச் சட்டத்தை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவா. அங்கே வளர்ந்த கல்லூரிக்கு 1905இல் ஜே. பிரவுன்லீ டேவிட்சன் என்ற 25 வயது இளைஞர் வந்து சேர்ந்தார். நெப்ராஸ்காவில் பிறந்தவர். அங்கேயே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். வேளாண்மைப் பொறியியல் என்று ஒரு தனித் துறையைக் கட்டி எழுப்பினார். 1907 டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் இத்துறை ஆசிரியர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம். டேவிட்சன்தான் முதல் தலைவர். மறுவருடம் அவரும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லியோன் சேஸ் என்பவரும் சேர்ந்து பண்ணை எந்திரங்களைப் பற்றி ஒரு பாடநூல் எழுதினார்கள். 1910இல் அயோவாவில் முதல் வேளாண் பொறியியல் பட்டம் வழங்கப்பட்டது.

சேஸ் என்ற பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதையில் வருவார்.

*ஏமாந்த விவசாயி போட்ட சட்டம்*

வேளாண் பொறியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

1910களில் அமெரிக்காவில் டிராக்டர் மோகம். சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட கம்பெனிகள். விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறன் வயலில் இருக்காது. நெப்ராஸ்காவில் போல்க் என்ற மாவட்டத்தில் வில்மட் குரோசியர் என்று ஒரு விவசாயி இருந்தார். 'ஃபோர்டு' என்று பெயர் போட்ட டிராக்டர் ஒன்றை வாங்கினார். ஃபோர்டு என்றால் கார் செய்யும் ஹென்றி ஃபோர்டுதான் என்று எல்லோரும் நினைப்பார்கள் இல்லையா? அது வேறு கம்பெனி. மினியாபொலிஸ் நகரத்தில் ஃபோர்டு என்ற பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெயரை வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் உண்மையான ஹென்றி ஃபோர்டு பின்னால் டிராக்டர் செய்தபோது 'ஃபோர்ட்சன்' என்று பெயர் வைக்க வேண்டி வந்தது!

குரோசியர் வாங்கிய டிராக்டர் உழவில்லை, கழுத்தை அறுத்தது. அடுத்து இன்னொரு கம்பெனி டிராக்டர், அதுவும் சரியில்லை. மூன்றாவதாக ரம்லி கம்பெனியின் டிராக்டர் ஒன்றை வாங்கினார். சொன்னதற்கு மேலேயே அது வேலை செய்தது. அப்போது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. நல்லது எது, கெட்டது எது என்று பணத்தைக் கொடுத்து, பருவத்தை இழந்த பிறகுதான் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டுமா?

குரோசியர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செனட்டர் சார்லஸ் வார்னர் துணை நின்றார். சட்டத்தை எப்படி எழுத வேண்டும் என்று யோசனை சொன்னவர்களில் ஒருவர் நான் நினைவில் வைக்கச் சொன்ன பேராசிரியர் சேஸ். 1919இல் சட்டம் வந்தது. நெப்ராஸ்காவில் ஒரு மாடல் டிராக்டரை விற்க வேண்டுமானால் அதைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் துறை சோதித்திருக்க வேண்டும். கம்பெனி சொன்ன திறனும் சோதனையில் வந்த திறனும் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும். உதிரிப் பாகம் கிடைக்கவும் கம்பெனி வழி செய்ய வேண்டும். 1920 வசந்த காலத்தில் முதல் சோதனையை முடித்த டிராக்டர் 'வாட்டர்லூ பாய்'. கொஞ்ச காலத்திலேயே பொய் விளம்பரம் செய்த கம்பெனிகள் பல காணாமல் போயின.

ஒரு பல்கலைக்கழகத் துறை அளவுகோலைக் கையில் எடுத்தது, அந்த அளவுகோல் விவசாயியின் பக்கம் நின்றது. அந்தச் சோதனைக் கூடம் நூறு வருடத்துக்கு மேலாகியும் லிங்கன் நகரில் இயங்குகிறது. நம் நாட்டில் இதே வேலையை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் செய்கிறது. உங்கள் ஊரில் ஓடும் டிராக்டருக்கும் இப்படி ஒரு சோதனை அறிக்கை இருக்கும்.

அதற்குப் பிறகு மின்சாரம். 1935இல் அமெரிக்காவில் ஊரக மின்மயமாக்கலுக்குத் தனி நிர்வாகம் அமைத்தபோது, அங்கே பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. கம்பி வந்ததும் பால் கறக்கும் எந்திரம், குளிர்பதனம், தானியம் உலர்த்துதல் என்று இத்துறைக்குப் புது வேலைகள் வந்தன. எந்திரம், பாசனம், கட்டடம், மின்சாரம். இந்த நான்கும்தான் அந்தக் காலத்து வேளாண் பொறியியலின் நான்கு கால்கள்.

*அலகாபாத்தின் 'ஷாபாஷ்' கலப்பை*

இந்தியாவுக்கு இந்தப் படிப்பு வந்தது ஒரு பொருளாதார வாத்தியாரால் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். சாம் ஹிக்கின்பாட்டம் என்று பெயர். மான்செஸ்டரில் பிறந்து, அமெரிக்கா போய், 1903இல் மிஷனரியாக அலகாபாத் வந்து கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். வறுமையைப் பற்றிப் பாடம் நடத்தினால் மட்டும் போதாது என்று தோன்றியது அவருக்கு. திரும்பவும் அமெரிக்கா போய் விவசாயம் படித்தார். யமுனைக் கரையில் நைனி என்ற இடத்தில் அலகாபாத் வேளாண்மை நிறுவனத்தைத் தொடங்கினார். வாத்தியார் வேலையில் இருந்துகொண்டே மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

1921இல் அங்கே வந்து சேர்ந்தார் மேசன் வாஹ் என்ற இளம் அமெரிக்கப் பொறியாளர். சைதாப்பேட்டையில் நடக்காதது இங்கே நடந்தது. அவர் அமெரிக்கக் கலப்பையை இறக்குமதி செய்து விற்க வரவில்லை. நம் மாடு எவ்வளவு இழுக்கும், விவசாயியிடம் எவ்வளவு பணம் இருக்கும், ஊர்க் கொல்லர் எதைச் சரிசெய்ய முடியும் என்று பார்த்து, அதற்கு ஏற்ற இரும்புக் கலப்பைகளைச் செய்தார். 'வாஹ் வாஹ்' என்று ஒரு கலப்பைக்குப் பெயர், 'ஷாபாஷ்' என்று இன்னொன்றுக்கு. வியாபாரத் தந்திரமும் தெரிந்த மனிதர்தான்!

1942இல் அந்த நிறுவனத்தில் வேளாண் பொறியியல் பட்டப் படிப்பு தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது அதுதான். வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்த அதே வருடம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. அதன் பிறகு 1952இல் கரக்பூர் ஐஐடியில் வந்தது. அறுபதுகளில் பந்த் நகர், லூதியானா. நம் கோயம்புத்தூரில் 1972இல் வேளாண்மைப் பொறியியல் கல்லூரி. 1992இல் திருச்சி பக்கத்தில் குமுளூரில் இன்னொன்று. என்னிடம் படித்த மூன்று பேர் இந்த இரண்டு கல்லூரிகளில் படித்தவர்கள். இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று தெரியும். தப்பு இருந்தால் திருத்துங்கள் தம்பிகளா.

*நெல்லுக்கும் மூச்சு உண்டு*

இனிதான் 'பயோ' வருகிறது. இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். தஞ்சாவூர் போதும்.

1960களின் நடுவில் நம் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் ஒட்டி உருவாக்கிய ரகம். சுமார் 105 நாளில் விளைந்துவிடும். குறுவைக்கு அருமையான நெல் என்று எல்லோரும் போட்டார்கள். ஆனால் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வந்து விழுந்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரம். களம் முழுக்க ஈர நெல். காய வைக்க வெயில் இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நெல்லைக் குவித்துச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் உள்ளே வெந்நீர் மாதிரிச் சுடும். வெளியே குளிர்ந்த மழை, உள்ளே சூடு! மூன்றாம் நாள் புளித்த வாடை. அதற்கடுத்த நாள் வெள்ளை வெள்ளையாக முளை. என் பாட்டி நெல்லைக் கிளறிக்கொண்டே, "உசிரு இருக்குடா அதுக்கு, மூச்சு முட்டுது" என்றார். பாட்டி பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொன்னது முழுக்க முழுக்க உயிரியல்.

நெல்மணி ஒரு விதை. அதற்குள் உயிருள்ள கரு இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை அது சுவாசிக்கிறது. நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மாவுச்சத்தை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. குவித்து வைத்தால் அந்த வெப்பம் போக வழியில்லை. சூடு ஏற ஏறச் சுவாசம் வேகமாகிறது. சுவாசம் வேகமாக ஆக மேலும் சூடு. கூடவே பூஞ்சணமும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் அறுத்த நெல்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். நெடுநாள் சேமிக்க அதை 13, 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுச் சூடான காற்றை வேகமாக ஊதிக் காய வைத்தாலும் ஆபத்து. மணியின் வெளிப்பக்கம் சுருங்கி, உட்பக்கம் ஈரமாகவே இருந்து, அரிசியில் கீறல் விழும். ஆலையில் அரைத்தால் பாதி நொய்யாகப் போகும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் அதன் பின்னால் இருந்தவர். அவர்கள் கண்ட முதல் வழி என்ன தெரியுமா? ஈர நெல்லோடு சாதாரண உப்பையும் உமியையும் கலப்பது! உப்பு ஈரத்தை இழுத்து, முளைப்பதையும் பூஞ்சணத்தையும் தடுக்கும். உமி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஊறுகாய் போடும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயத்தை அறிவியல் முறைப்படி சோதித்து, நெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சின்ன மையம்தான் பிறகு தஞ்சாவூருக்கு மாறி, வளர்ந்து, பெயரும் பலமுறை மாறி, இன்று நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது.

இப்போது சொல்லுங்கள். ஈர நெல்லைக் காப்பாற்றுகிற எந்திரத்தை வடிவமைக்க வெறும் மெக்கானிக்கல் இன்ஜினியர் போதுமா? காற்றாடியின் வேகமும் வெப்பக் கணக்கும் அவருக்குத் தெரியும். நெல் மூச்சு விடுவது தெரியாது. தாவரவியல் படித்தவருக்கு மூச்சு தெரியும், வெப்பக் கணக்குத் தெரியாது. உயிருள்ள ஒரு பொருளையும் அதைச் சுற்றியுள்ள காற்று, நீர், வெப்பம், எந்திரம் எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகப் பார்ப்பவர் வேண்டும். அந்தப் பார்வைக்குத்தான் 'பயோசிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்று பெயர். உயிர் அமைப்புப் பொறியியல் என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன்.

*பெயர் ஏன் மாறியது?*

இதே சிந்தனை அமெரிக்காவிலும் அறுபதுகளிலேயே தொடங்கிவிட்டது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 1965இல் தன் துறையின் பெயரில் 'உயிரியல்' என்ற சொல்லைச் சேர்த்தது. ஆனால் பெரும்பாலான துறைகள் பெயரை மாற்றியது எண்பதுகளுக்குப் பிறகு. இதில் ஒளிவு மறைவு வேண்டாம். அறிவியல் காரணம் ஒன்று. இன்னொன்று, எண்பதுகளில் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். நிலம் ஏலத்துக்குப் போனது. 'அக்ரி' என்ற பெயர் போட்ட வகுப்புக்குப் பிள்ளைகள் வரத் தயங்கினார்கள். ஆக, "மறுபடியும் விவசாயமா?" என்று நம் பெரியப்பா கேட்ட கேள்வியை நெப்ராஸ்காவிலும் அயோவாவிலும் பல பெரியப்பாக்கள் கேட்டிருப்பார்கள்.

இன்று டேவிட்சனின் அயோவாவில் துறையின் பெயர் வேளாண்மை மற்றும் பயோசிஸ்டம்ஸ் பொறியியல். டிராக்டர் சோதனை நடத்தும் நெப்ராஸ்காவில் பயலாஜிக்கல் சிஸ்டம்ஸ். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டமே பயோசிஸ்டம்ஸ் பொறியியல்தான். 1907இல் தொடங்கிய சங்கம்கூட 2005இல் தன் பெயரில் 'உயிரியல்' சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் 1956 முதல் வந்த வேளாண் பொறியியல் ஆய்விதழ் 2002இல் 'பயோசிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்று பெயர் மாறியது. ஆனால் அந்த இதழை வளர்த்த சில்சோ ஆராய்ச்சி நிலையம் 2006இல் மூடப்பட்டுவிட்டது. பெயர் மாற்றினால் மட்டும் ஒரு துறை பிழைத்துவிடாது என்பதற்கு அதுவே சாட்சி.

*நான்கு வருடத்தில் என்ன படிப்பார்கள்?*

பொதுவாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். முதல் இரண்டு வருடம் எல்லாப் பொறியியல் மாணவர்களோடும் சேர்ந்து நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், நிலையியல். கூடவே உயிரியல். இங்கேதான் மற்றவர்களிடமிருந்து பிரிகிறார்கள். மூன்றாம் வருடம் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பமும் ஈரமும் ஒரு பொருளுக்குள் எப்படி நகர்கின்றன என்ற பாடம், உணரிகள், மண்ணும் நீரும். நான்காம் வருடம் ஒரு குழுவாகச் சேர்ந்து ஏதாவது ஒரு நிஜச் சிக்கலை எடுத்து வடிவமைப்புத் திட்டம் செய்ய வேண்டும். ஒரு பால் பண்ணையின் கழிவுநீர், ஓர் உணவு ஆலையின் உலர்த்தி, ஏரியில் பாசி படர்வதைத் தடுப்பது என்று ஏதாவது ஒன்று. சங்கம் நடத்தும் குட்டி டிராக்டர் போட்டியும் உண்டு. எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி எஞ்சின், டயர் கொடுத்துவிடுவார்கள். மிச்சத்தை மாணவர்களே வடிவமைத்து, செய்து, ஓட்டி, இழுத்துக் காட்ட வேண்டும்.

படித்து முடித்தவர்கள் போகும் இடங்கள்: டிராக்டர் கம்பெனி, உணவு பதனத் தொழிற்சாலை, பாசனம், நீர் மாசு தடுப்பு, மருந்து நொதித்தல் ஆலை, அரசுத் துறைகள். எளிதான படிப்பு இல்லை. கணக்குக்குப் பயந்து உயிரியல் எடுத்தவர்களுக்கும் கஷ்டம், உயிரியலுக்குப் பயந்து கணக்கு எடுத்தவர்களுக்கும் கஷ்டம்.

*அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது*

"போ" என்றோ "போகாதே" என்றோ நான் சொல்லவில்லை. நிலம் அவர்களுடையது, கடன் அவர்களுடையது, வாழ்க்கை அந்தப் பெண்ணுடையது. நான்கு விஷயங்களை மட்டும் விசாரிக்கச் சொன்னேன். நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

ஒன்று, அந்தப் படிப்புக்கு 'அபெட்' என்ற அமைப்பின் பொறியியல் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளைச் சரிபார்ப்பது அந்த அமைப்புதான்.

இரண்டு, பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் படியுங்கள். எட்டுப் பருவத்திலும் என்னென்ன பாடம், எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடம் என்று வரிக்கு வரி பாருங்கள்.

மூன்று, திரும்பி வந்து இங்கே அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பட்டத்தின் பெயர் முக்கியம். வேலை அறிவிப்பில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர் என்றால் அலைச்சல்தான். பட்டத்துக்கான இணைச் சான்றிதழ் பற்றி இப்போதே கேட்டு வையுங்கள்.

நான்கு, நிலத்தை ஈடு வைக்கும் முன், உதவித்தொகை போக மீதி நான்கு வருடச் செலவு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கோயம்புத்தூரிலும் குமுளூரிலும் அதன் உறவுப் படிப்பு மிகக் குறைந்த செலவில் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவிடம் மட்டும் தனியாக ஒன்று சொன்னேன். "நீங்க சேத்துல பட்ட கஷ்டத்துக்குக் காரணம் சேறு இல்லீங்க. சேத்துக்கு ஏத்த கருவி இல்லை, காய வைக்க இடம் இல்லை, சரியா அளந்து சொல்ல ஆள் இல்லை. அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கத்தான் இந்தப் படிப்பே பிறந்தது" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. "பாக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

*இன்னும் தீராத கணக்கு*

ஒவ்வொரு ஐப்பசியிலும் டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல்லைக் கொட்டிக்கொண்டு விவசாயிகள் காத்திருப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்தால் தளர்வு கேட்டுச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகும், குழு வரும், பார்க்கும். அதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் நெல் சூடேறி முளைத்துவிடும். நான் சிறுவனாகப் பார்த்த அதே முளை. அன்று எல்லோர் வீட்டிலும் பத்தாயமும் குதிரும் இருந்தன. இன்று அறுவடை எந்திரம் இரண்டு மணி நேரத்தில் அறுத்துச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறது. அறுவடை வேகமாகிவிட்டது, உலர்த்துவது வேகமாகவில்லை. ஒரு எந்திரத்தை மட்டும் மாற்றிவிட்டு மீதி அமைப்பை மாற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

குறைந்த செலவில், ஊருக்கு ஒன்றாக, மழையிலும் ஓடுகிற, அரிசியை உடைக்காத உலர்த்தி டெல்டாவின் எல்லா ஊருக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அதைச் செய்யப் போகிறவர் அமெரிக்காவில் படித்தவராக இருக்கலாம், குமுளூரில் படித்தவராகவும் இருக்கலாம். நம் தெருவில் இப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை 'அக்ரி' என்று விண்ணப்பத்தில் எழுதும்போது கேலி செய்யாமல் இருங்கள். அதுவே பெரிய உதவி.

வேளாண் பொறியியல் படித்து வேலையில் இருக்கும் என் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கேட்க நிறையப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பதிவு நீண்டுவிட்டது. பீரியடு முடிந்து மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஐயா